தாய்மாமன் மடியும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும்

தங்கச்சி மகள் போன வாரம் போன் பண்ணினாள். பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள்.

"மாமா, ஒரு சந்தேகம். விர்ச்சுவல் மெஷினோட டிஸ்க்கை லோக்கல்ல வைக்கலாம், சான்ல வைக்கலாம், நாஸ்ல வைக்கலாம், வி-சான்ல வைக்கலாம்னு வரிசையாப் போட்டிருக்கு. எதுக்கு மாமா இத்தனை? ஒண்ணு போதாதா?"

நியாயமான கேள்விதான். ஆனால் கேட்டது யார் என்று நினைத்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் தொண்டையும் அடைத்தது. 2008 ஆவணியில் இவளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் நான் போகவில்லை. போகாததற்குக் காரணம் இதே சமாச்சாரம். அந்தக் கதையை இன்றுவரை அவளிடம் முழுசாகச் சொன்னதில்லை.

போனில் சொல்லி மாளாது, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அதுதான் இது. வீட்டுக்காரர் சர்வர் ரூமில் என்னதான் செய்கிறார் என்று தெரியாமலே பதினைந்து வருஷம் குடும்பம் நடத்தும் சகோதரிகளும் படிக்கலாம். (எங்கள் வீட்டுத் தங்கமணியும் அந்தப் பட்டியலில் உண்டு.)

முதலில், விர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன? ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோலப் பாவனை காட்டும் வித்தை. உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தனக்கென்று தனி பிராசசர், தனி மெமரி, தனி டிஸ்க் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். எங்கள் பக்கத்தில் வளவு என்று ஒன்று உண்டு. ஒரே வாசல், ஒரே கிணறு, உள்ளே வரிசையாகப் பத்துக் குடித்தனம். அந்த மாதிரி.

வளவில் சண்டை வருவது எப்போதும் கிணற்றடியில்தான். விர்ச்சுவல் மெஷினில் அந்தக் கிணறு, டிஸ்க்.

*

இது ஏதோ நேற்று வந்த சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அறுபது வருஷப் பழசு.

1956-ல் ஐ.பி.எம். முதல் ஹார்ட் டிஸ்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ராமாக் என்று பெயர். 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள். மொத்தமாகப் பிடித்தது 50 லட்சம் எழுத்துகள். நான்கு எம்.பி.கூட வராது. அலமாரி மாதிரி ஒரு பெட்டி, அவ்வளவுதான் கொள்ளளவு.

1960-களில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐ.பி.எம். ஆய்வு மையத்தில் ராபர்ட் கிரீசி, லெஸ் கோமோ என்ற இருவர் தலைமையில் சி.பி-40 என்ற ஒன்றை உருவாக்கினார்கள். 1967 ஜனவரியில் அது வேலைக்கு வந்தது. ஒரே மெயின்ஃபிரேமில் பல பேர், ஆளுக்கொரு முழு கம்ப்யூட்டர் இருப்பதுபோல வேலை செய்யலாம். அடுத்து சி.பி-67 வந்தது. 1972 ஆகஸ்டில் வி.எம்/370 என்ற பெயரில் ஐ.பி.எம். அதை முறைப்படி அறிவித்தது.

அப்போதே முதல் கேள்வி எழுந்துவிட்டது. பிராசசரை நேரத்தால் பங்கிடலாம்: உனக்குக் கொஞ்ச நேரம், அவனுக்குக் கொஞ்ச நேரம். டிஸ்க்கை அப்படிப் பங்கிட முடியாது. உன் கணக்கை எழுதிவிட்டு அழித்து, அவன் கணக்கை எழுத முடியுமா?

அவர்கள் கண்டுபிடித்த பதில் மினி டிஸ்க். பெரிய டிஸ்க்கைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கொரு துண்டு. அந்தத் துண்டே ஒரு முழு டிஸ்க் என்று உள்ளே இருப்பவர் நம்புவார். அந்தக் காலத்து 2314 என்ற டிஸ்க்கில் ஒரு பேக் 29 எம்.பி. இன்றைய கைப்பேசியில் ஏழெட்டுப் போட்டோ எடுத்தால் தீர்ந்துவிடும். அதையும் வெட்டி வெட்டிக் கொடுத்தார்கள்.

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் செய்தார்கள். எல்லாருக்கும் வேண்டிய சிஸ்டம் கோப்புகளை ஆளுக்கொரு நகல் வைக்காமல், ஒரே டிஸ்க்கில் வைத்து, படிக்க மட்டும் அனுமதி கொடுத்தார்கள். யாரும் எழுத முடியாது என்றால் எத்தனை பேர் படித்தாலும் சண்டை இல்லை. நாற்பது வருஷம் கழித்து, ஒரே மூலத்தில் இருந்து நூறு டெஸ்க்டாப் மெஷின்களை உருவாக்கும் வித்தையைப் புதுசு என்று எங்களுக்கு வகுப்பெடுத்தார்கள். மூலம் இதுதான்.

*

1980-களிலும் 90-களிலும் மெயின்ஃபிரேம் போய்ச் சின்னச் சின்ன சர்வர்கள் வந்தன. கூட்டுக் குடும்பம் உடைந்து தனிக்குடித்தனம். மெயிலுக்கு ஒரு சர்வர், கணக்குக்கு ஒரு சர்வர், வருகைப் பதிவுக்கு ஒரு சர்வர். ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் அதனதன் டிஸ்க்.

ஒரு டிஸ்க் செத்தால் சர்வரே செத்தது. அதற்கு மருந்தாக கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர் 1988-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விலை அதிகமான ஒற்றை டிஸ்க்கை நம்புவதற்குப் பதில், மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டி, ஒன்று போனாலும் மற்றவற்றில் இருந்து தகவலை மீட்கலாம் என்றது அந்தக் கட்டுரை. ரெய்டு என்ற பெயர் அதில் இருந்து வந்தது.

நான் 2000-ல் புனே வந்து வேலைக்குச் சேர்ந்தபோது சர்வர் ரூம் இப்படித்தான் இருந்தது. வரிசையாக இருபது பெட்டிகள். ஒன்றில் 18 ஜி.பி. டிஸ்க் நிரம்பி வழியும். பக்கத்துப் பெட்டியில் முக்கால்வாசி காலி. ஆனால் இதில் இருந்து அதற்குக் கடன் கொடுக்க வழியில்லை. பக்கத்து வீட்டில் அரிசி மூட்டை இருக்க, இந்த வீட்டில் பட்டினி.

இதற்குத்தான் டிஸ்க்குகளை சர்வரில் இருந்து வெளியே எடுத்து, பொதுவான ஒரு பெட்டியில் வைக்கும் பழக்கம் பரவியது. அதில் இரண்டு வழி.

ஒன்று சான். இ.எம்.சி. நிறுவனத்தின் சிமெட்ரிக்ஸ் என்ற பெரிய டிஸ்க் பெட்டி 1990-ல் வந்தது. அந்த மாதிரிப் பெட்டிகளை சர்வர்களோடு இணைக்க ஃபைபர் சேனல் என்ற தனிப் பாதை 1994-ல் தரநிலை ஆனது. இதில் சர்வருக்குக் கிடைப்பது வெறும் மனை. லன் என்று சொல்வோம். வேலி போட்டு, வீடு கட்டி, அறை பிரிப்பதெல்லாம் சர்வரின் பொறுப்பு.

இன்னொன்று நாஸ். 1984-ல் சன் நிறுவனம் கொண்டுவந்த என்.எஃப்.எஸ். இதற்கு அடிப்படை. 1992-ல் தொடங்கிய நெட்ஆப் இதற்கென்றே தனிப் பெட்டிகள் செய்தது. இதில் கிடைப்பது கட்டி முடித்த வீட்டில் ஓர் அறை. எந்தக் கோப்பு எங்கே என்ற பதிவேடு வீட்டுக்காரரிடம் இருக்கும். நீ கோப்பைக் கேள், அவர் எடுத்துத் தருவார்.

மனையா, அறையா? மருமகளே, உன் பாடத்தில் வரும் பாதிக் குழப்பம் இந்த ஒரு வித்தியாசத்தில் தீர்ந்துவிடும்.

*

1998-ல் கலிஃபோர்னியாவில் டயான் கிரீன், மெண்டல் ரோசன்பிளம் உள்ளிட்ட ஐந்து பேர் சேர்ந்து வி.எம்.வேர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மெயின்ஃபிரேமில் செய்த வித்தையைச் சாதாரண இன்டெல் கம்ப்யூட்டரில் செய்து காட்டினார்கள். 1999-ல் மேசைக் கம்ப்யூட்டருக்கு, 2001-ல் சர்வருக்கு.

இதில் என்னை வாய் பிளக்க வைத்தது ஒன்றுதான். ஒரு முழு சர்வரின் டிஸ்க், அதன் விண்டோஸ், மென்பொருள், பத்து வருஷக் கணக்கு எல்லாம் சேர்ந்து ஒற்றைக் கோப்பு ஆகிவிடுகிறது. அந்தக் கோப்பை வேறு பெட்டியில் வைத்துத் திறந்தால் அங்கே அதே சர்வர் எழுந்து நிற்கும்.

அதாவது சர்வர் என்ற இரும்புப் பெட்டிக்கு மதிப்பு போய்விட்டது. உயிர் முழுக்க அந்தக் கோப்பில். மந்திரவாதியின் உயிர் ஏழு கடல் தாண்டிக் கிளியிடம் இருக்கும் என்று ஆச்சி கதை சொல்வாளே, அதேதான். அப்படியானால் கிளியை எங்கே வைப்பது என்பதுதானே பெரிய கேள்வி?

சர்வரின் சொந்த டிஸ்க்கில் வைத்தால் மலிவு, வேகம். ஆனால் அந்த சர்வர் செத்தால் கிளியும் உள்ளே மாட்டிக்கொள்ளும். பொதுப் பெட்டியில் வைத்தால், ஒரு சர்வர் செத்தாலும் பக்கத்து சர்வர் அந்தக் கோப்பைத் திறந்து வேலையைத் தொடரலாம்.

ஆனால் அன்றைய சாதாரணக் கோப்பு முறைகளில் இரண்டு சர்வர்கள் ஒரே மனையில் ஒரே நேரத்தில் எழுதினால் எல்லாம் குழம்பி நாசமாகிவிடும். அதற்காக வி.எம்.எஃப்.எஸ். என்ற தனிக் கோப்பு முறையை உண்டாக்கினார்கள். எந்தக் கோப்பு எந்த சர்வரின் கையில் இருக்கிறது என்று பூட்டுப் போட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளும். பல சர்வர்கள், ஒரே மனை, சண்டை இல்லை.

2003-ல் வி-மோஷன் வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை நிறுத்தாமலே ஒரு சர்வரில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். முதல் தடவை பார்த்தபோது கைதட்டினோம். எப்படி முடிந்தது? மெமரியை மட்டும்தான் மாற்றினார்கள். டிஸ்க் இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டு சர்வருக்கும் பொதுவான பெட்டியில் இருந்ததால்தான் அது நடந்தது.

ஆக, இந்த மந்திரம் வேண்டுமானால் பொதுப் பெட்டி வாங்கியே ஆகவேண்டும். பெட்டி விற்ற இ.எம்.சி.யே 2003 டிசம்பரில் வி.எம்.வேரைச் சுமார் 63.5 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது ஏன் என்று இப்போது புரிகிறதா?

ஃபைபர் சேனல் யானை விலை. சாதாரண நெட்வொர்க் கம்பியிலேயே மனை கொடுக்கும் ஐ-ஸ்கஸி 2004-ல் தரநிலை ஆனது. 2006-ல் வந்த வி.எம்.வேர் பதிப்பு ஐ-ஸ்கஸியையும் என்.எஃப்.எஸ்.ஸையும் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகுதான் எங்களைப் போன்ற நடுத்தரக் கம்பெனிகள் உள்ளே நுழைந்தன.

*

இப்போது என் கதை.

2007-ல் நாங்கள் ஒரு டிஸ்க் பெட்டி வாங்கினோம். 146 ஜி.பி. டிஸ்க் எட்டு. ரெய்டு-5 போட்டு சுமார் ஒரு டி.பி. அதை 500 ஜி.பி. வீதம் இரண்டு மனையாகப் பிரித்தேன். இருபது பெட்டிகளில் பதினான்கை விர்ச்சுவல் மெஷின் ஆக்கினோம். மின்சாரச் செலவு குறைந்தது, ஏ.சி. சத்தம் குறைந்தது, மேனேஜர் தோளில் தட்டினார்.

இடத்தைக் கணக்குப் பார்த்தேன். வேகத்தைக் கணக்குப் பார்க்கவில்லை. அது முதல் தப்பு.

நிமிஷத்துக்கு 15,000 சுற்று சுற்றும் டிஸ்க் ஒன்று நொடிக்குச் சுமார் 180 தடவைதான் எழுதவோ படிக்கவோ முடியும். எட்டு டிஸ்க்குக்கு 1,440. ஆனால் ரெய்டு-5-ல் சின்னதாக ஒன்றை எழுத, டிஸ்க்குகள் நான்கு வேலை செய்யவேண்டும்: பழைய தகவலைப் படி, பழைய சரிபார்ப்பைப் படி, புதியதை எழுது, புதிய சரிபார்ப்பை எழுது. பாதி படிப்பு, பாதி எழுத்து என்றால் 1,440 என்பது 576 ஆகிவிடும். பதினான்கு மெஷினுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 41. தனி டிஸ்க்காக இருந்தபோது கிடைத்ததைவிடக் குறைவு!

போதாததற்குப் பந்திக் குழப்பம். ஒரே வரிசையில் சாம்பார் ஊற்றிக்கொண்டு போகிறவர் வேகமாகப் போவார். பதினான்கு வரிசையில் இருந்தும் ஆளாளுக்கு "இங்க சாம்பார், இங்க சாம்பார்" என்று கூப்பிட்டால் அவர் ஓடியே களைத்துப்போவார். தனியாக இருந்தபோது ஒழுங்காகப் படித்த சர்வர்கள், ஒன்றாகச் சேர்ந்ததும் டிஸ்க் முள்ளை அங்கும் இங்கும் ஓடவிட்டன.

இரண்டாவது தப்பு அதைவிடப் பெரியது. ஸ்னாப்ஷாட்.

மெஷினில் ஏதாவது மாற்றம் செய்யும் முன் ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டால், தப்பாகிப்போனால் பழைய நிலைக்குத் திரும்பலாம். பலர் இதை நகல் என்று நினைக்கிறார்கள். கிடையாது. மளிகைக் கடையில் பேரேட்டை மூடி வைத்துவிட்டு, அன்றைய கணக்கைத் துண்டுச் சீட்டில் எழுதுவது போன்றது. மூலக் கோப்பை யாரும் தொடமாட்டார்கள். புதிய எழுத்தெல்லாம் இன்னொரு கோப்பில் சேரும். ஒன்றிரண்டு நாளில் சீட்டைப் பேரேட்டில் ஏற்றிவிட்டால் நல்லது.

மெயில் சர்வரை அப்டேட் செய்யும் முன் நான் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தேன். அப்டேட் நன்றாக முடிந்தது. ஸ்னாப்ஷாட்டை மறந்துவிட்டேன். மூன்று வாரம்.

மாதக் கடைசி வியாழக்கிழமை. ராத்திரி ரயிலில் ஊருக்குக் கிளம்பவேண்டும். ஞாயிறு சாஸ்தா கோயிலில் காதுகுத்து. தங்கமணி பையெல்லாம் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். குழந்தைக்கு வாங்கிய கம்மல் என் சட்டைப் பையில்.

ஒன்பது மணிக்கு பேக்கப் ஓடத் தொடங்கியது. அது வேலை செய்யும் முறை, ஒவ்வொரு மெஷினுக்கும் தற்காலிகமாக ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து, நகல் முடிந்ததும் நீக்குவது. ஏற்கெனவே என் மூன்று வாரச் சீட்டு மனையில் இருந்த காலி இடத்தை எல்லாம் தின்றிருந்தது. மீதி இருந்த கொஞ்சமும் பத்து நிமிஷத்தில் தீர்ந்தது. எழுத இடமில்லாத மெஷின்கள், நடுப் பேச்சில் உறைந்துபோன மாதிரி, அப்படியே நின்றன. ஆறு மெஷின்கள். அதில் ஒன்று சம்பளக் கணக்கு.

மறுநாள் காலை சம்பளப் பட்டியல் வங்கிக்குப் போகவேண்டும். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் சம்பளம். அதில் பாதிப்பேர் ஒன்றாம் தேதி வாடகை கட்டவேண்டிய, ஊருக்குப் பணம் அனுப்பவேண்டிய என்னைப் போன்ற வெளியூர்க்காரர்கள்.

ஆட்டோவைத் திருப்பி ஆபீசுக்கு விட்டேன்.

சீட்டைப் பேரேட்டில் ஏற்றலாம் என்றால் மெஷின்கள் நிற்கின்றன. மூச்சுவிடக் கொஞ்சம் இடம் வேண்டும். அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. ஓடுகிற ஒவ்வொரு மெஷினும் தன் மெமரி அளவுக்கு ஒரு ஸ்வாப் கோப்பை அதே மனையில் பிடித்து வைத்திருக்கும். மெஷினை அணைத்தால் அந்தக் கோப்பு போய்விடும். யாருக்கும் தேவைப்படாத சோதனை மெஷின் இரண்டு இருந்தன, ஒவ்வொன்றும் 4 ஜி.பி. மெமரி. அணைத்தேன். 8 ஜி.பி. காலியானது. நின்றிருந்த மெஷின்கள் ஒவ்வொன்றாக "மறுபடி முயற்சி செய்யவா?" என்று கேட்டுக்கொண்டு நின்றன. செய் என்றேன். எழுந்தன.

அப்புறம் அணைத்த இரண்டு மெஷின்களையும் மற்ற மனைக்கு மாற்றிவிட்டு, மெயில் சர்வரின் மூன்று வாரச் சீட்டைப் பேரேட்டில் ஏற்ற ஆரம்பித்தேன். பன்னிரண்டு மணி நேரம் ஓடியது. நடுவில் நிறுத்தினால் மெயில் முழுவதும் போய்விடுமோ என்ற பயம். திரையில் நகராத ஒரு பச்சைக் கோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ரயில் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை சம்பளம் போனது. ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. சென்னைக்கு விமானம் பிடித்து ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விடலாமா என்று பார்த்தேன். டிக்கெட் கிடைக்கவில்லை.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "கம்மலை யார்கிட்டயாவது குடுத்து விடட்டுமாம்மா?"

"கம்மல் எங்க வேணாலும் வாங்கிக்கிடலாம்யா. மடி உன் மடியா இருக்கணும்லா?"

பெரியப்பா மகன் மடியில் உட்கார வைத்துக் குத்தினார்கள். தங்கச்சி தைப்பொங்கல் வரை என்னோடு சரியாகப் பேசவில்லை. தப்பு மென்பொருளில் இல்லை, பெட்டியிலும் இல்லை. எடுத்ததை நீக்க மறந்த என்னிடம்தான்.

*

நிற்க. வரலாறு அங்கே நின்றுவிடவில்லை.

அடுத்த சில வருஷங்களில் எங்களைப் போன்றவர்கள் பட்ட காயத்துக்கு எல்லாம் ஒவ்வொரு மருந்தாக வந்தது. ஓடும் மெஷினின் டிஸ்க்கையே ஒரு மனையில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வசதி 2007 கடைசியில் வந்தது. 2009-ல் அது எளிதானது. அதே 2009-ல் தின் புரவிஷனிங் முறை பரவியது: 100 ஜி.பி. என்று சொல்லிவிட்டு, எழுத எழுத மட்டும் இடம் கொடுப்பது. வீட்டில் ஐம்பது பேருக்குப் பத்திரிகை வைத்துவிட்டு முப்பது இலை போடும் துணிச்சல். எல்லாரும் வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

இன்னொரு பழைய வலி. வி.எம்.எஃப்.எஸ்.ஸில் ஒரு கோப்பைத் தொடங்கவோ பெரிதாக்கவோ வேண்டுமானால், அந்த முழு மனையையும் ஒரு கணம் பூட்டுவார்கள். ஸ்னாப்ஷாட் வளர வளர இந்தப் பூட்டல் அதிகம். 2010-ல் வந்த பதிப்பில், டிஸ்க் பெட்டியும் ஒத்துழைத்தால் தேவையான சிறு இடத்தை மட்டும் பூட்டினால் போதும் என்று ஆனது.

போட்டிக்கு மற்றவர்களும் வந்தார்கள். 2007-ல் லினக்ஸுக்குள் கே.வி.எம். சேர்ந்தது. 2008-ல் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி வந்தது. பல சர்வர்கள் ஒரே மனையைப் பகிரும் வசதி அதற்கு 2009-ல் கிடைத்தது.

வேகத்துக்கு மருந்து ஃபிளாஷ். 2008-ல் இன்டெல் சர்வருக்கென்று விட்ட சின்ன ஃபிளாஷ் டிஸ்க் ஒன்று நொடிக்கு 35,000 தடவை படிக்கும் என்றார்கள். என் எட்டு டிஸ்க்கும் சேர்ந்து 1,440. சுற்றும் தட்டும் இல்லை, ஓடும் முள்ளும் இல்லை, பந்திக் குழப்பமும் இல்லை.

ஃபிளாஷ் வந்ததும் ஒரு விசித்திரம் நடந்தது. டிஸ்க் இவ்வளவு வேகம் என்றால், அதை எதற்குத் தூரத்துப் பெட்டியில் வைக்கவேண்டும்? சர்வருக்குள்ளேயே வைத்து, ஒவ்வொரு எழுத்தையும் பக்கத்து சர்வரிலும் ஒரு நகல் எழுதிவிட்டால் போதுமே! 2009-ல் தொடங்கிய நியூட்டானிக்ஸ் இந்த வழியில் போனது. 2014-ல் வி.எம்.வேரின் வி-சான் வந்தது. லினக்ஸ் உலகத்தில் செஃப். 1990-களில் வெளியே போன டிஸ்க், இருபது வருஷம் கழித்து மறுபடி வீட்டுக்குள் வந்தது. ஆனால் இந்தத் தடவை தனிக்குடித்தனமாக வரவில்லை; எல்லா வீட்டு டிஸ்க்கும் சேர்ந்து ஒரே களஞ்சியம். விலை என்ன? இரண்டு நகல் என்றால் இரண்டு மடங்கு இடம், நடுவில் நல்ல வேகமான நெட்வொர்க்.

கிளவுட் காலத்திலும் இதே கதைதான். அமேசான் 2006-ல் வாடகைக்கு மெஷின் கொடுக்க ஆரம்பித்தபோது, டிஸ்க் அந்த சர்வருக்குள்ளேயே இருந்தது. மெஷினை முடித்தால் டிஸ்க்கில் இருந்ததும் போய்விடும். தனியாக நிலைத்து நிற்கும் டிஸ்க் சேவையை 2008 ஆகஸ்டில்தான் கொண்டுவந்தார்கள். நான் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அதே மாதம்.

கடைசியாக ஒன்று. 2023 நவம்பரில் வி.எம்.வேரை பிராட்காம் வாங்கியது. ஒரு தடவை காசு கொடுத்து நிரந்தரமாக வாங்கும் முறையை நிறுத்திவிட்டு, சந்தா முறைக்கு மாற்றினார்கள். செலவு ஏறியது என்று பல கம்பெனிகள் வேறு இடம் தேடின. அப்போதுதான் பலருக்கு உறைத்தது: கோப்பு நம்முடையது, அது உட்கார்ந்திருக்கும் மனையின் அமைப்போ இன்னொருவருடையது. வேறு மென்பொருளுக்குப் போகவேண்டுமானால் ஒவ்வொரு மெஷினின் டிஸ்க்கையும் வேறு வடிவத்துக்கு மாற்றி எடுத்துப் போகவேண்டும். வாடகை வீட்டைக் காலி செய்யும்போதுதான் பரண் மேல் எவ்வளவு சாமான் இருக்கிறது என்று தெரியும். புனேயில் நாலு வீடு மாறிய எனக்கு இது நன்றாகத் தெரியும்.

*

ஆக, மருமகளே, உன் கேள்விக்குப் பதில். ஏன் இத்தனை வகை? ஒவ்வொரு வகையும் முந்தைய வகை தந்த வலிக்கு மருந்து; ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு பக்க விளைவு. அதனால் இதில் எது உசத்தி என்று யாராவது கேட்டால் உடனே பதில் சொல்லாதே. மூன்று கேள்வி திருப்பிக் கேள்.

இந்தக் கிணற்றில் எத்தனை குடித்தனம் இறைக்கிறது? இடம் மட்டும் போதாது, வேகத்தையும் பங்கு போட்டுப் பார்.

நிரம்பினால் என்ன ஆகும்? எது முதலில் நிற்கும், யார் பார்ப்பார்கள்? நிரம்பும் என்று வைத்துக்கொண்டே யோசி.

இந்தப் பெட்டி மொத்தமும் போனால் வேறு எங்கே நகல் இருக்கிறது? ஸ்னாப்ஷாட் நகல் ஆகாது. அதே பெட்டியில் இருப்பது எதுவும் நகல் ஆகாது. எடுத்த நகலைத் திறந்து பார்க்காதவரை அதையும் நம்பாதே.

இந்த மூன்றையும் கேட்டால், சான், நாஸ், வி-சான் எல்லாவற்றுக்கும் பதில் தானாக வரும். நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. விலை கொடுத்துத் தெரிந்துகொண்டேன். அந்த விலையில் உனக்கும் பங்கு இருக்கிறது. உன் சம்மதம் கேட்காமலே எடுத்துவிட்டேன்.

அன்றைக்கு நான் வாங்கிய கம்மல் பொங்கலுக்குத்தான் ஊர் வந்து சேர்ந்தது. அதைப் போட்டுக்கொண்டு நீ எடுத்த போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. மூன்று இடத்தில், மூன்று வேறு டிஸ்க்கில். வருஷத்துக்கு ஒரு தடவை திறந்தும் பார்க்கிறேன்.

அடுத்த மாசம் ஊருக்கு வருகிறேன். மீதிச் சந்தேகத்தை நேரில் கேள். கிளம்பும் முன் ஸ்னாப்ஷாட் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறுவேன்.